பழைய படம் இருக்கா?

நான் வசிக்கும் அயர்லாந்துச் சிற்றூரில் ஒரே ஒரு மருந்துக்கடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய் என் இடது கைக்கு ஓர் உறை வாங்கி வருகிறேன். மணிக்கட்டில் தொடங்கித் தோளுக்குச் சற்றுக் கீழே முடியும் இறுக்கமான துணி உறை. அதன் பெட்டியில் நிறம் என்ற இடத்தில் ‘ஸ்கின்’ என்று அச்சடித்திருப்பார்கள். தோல் நிறம். பிரித்துப் பார்த்தால் வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். முதல் முறை பெட்டி மாறி வந்துவிட்டது என்று நினைத்து, கல்லாவில் இருந்த பெண்ணிடம் இது என் தோல் இல்லை என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் ஒரு களிம்பு எடுத்து வந்து, அரிப்பு இருந்தால் காலையும் மாலையும் தடவச் சொன்னாள். அவ்வளவு அக்கறையாக எடுத்துக்கொடுத்ததை மறுக்க மனம் வராமல் களிம்பையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கை கறுப்பு, ஒரு கை ரோஸ். நான் சமைக்கும் முதியோர் இல்லத்தில் நாற்பது பேருக்கு மேல் என்னைத் தினமும் பார்க்கிறார்கள். கையில் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அது மரியாதையா, பயமா, கேட்கத் தெரியாததா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் என் இடது மார்பை எடுத்தார்கள். கூடவே அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கையில் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் போனதால் கை வீங்கும். அதற்குத்தான் உறை. பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது என் நிலைமைக்கு ‘ரிமிஷன்’ என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்திருக்கிறேன். குணமாகிவிட்டது என்று சொல்ல டாக்டர்கள் விடமாட்டார்கள். கடைசியில் எங்கள் பக்கம் மழைக்குச் சொல்கிற சொல்தான் பொருத்தமாகப் பட்டது. விட்டிருக்கிறது. மழை விட்டிருக்கிறது என்றால் கிளம்பலாம், கடைக்குப் போகலாம், துணி உலர்த்தலாம். ஆனால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போக யாருக்கும் தைரியம் வராது.

சிகிச்சை முடிந்து முதல் ஸ்கேன் எடுத்தபோது நடந்ததை இன்றும் நினைத்துச் சிரிக்கிறேன். மேரட் என்ற நர்ஸ் அறைக்குள் வந்து, ஸ்கேன் ‘கிராண்ட்’, நீயும் கிராண்ட் என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கல்யாணம் கிராண்டாக நடக்கும், காதுகுத்து கிராண்டாக நடக்கும். பந்தல், சீரியல் விளக்கு, நாலு வகை இனிப்பு. ஒரு ஸ்கேன் எப்படி கிராண்டாக இருக்கும்? உள்ளே எல்லா இடத்திலும் விளக்குப் போட்டதுபோல் பரவிவிட்டது என்றுதான் எனக்குப் புரிந்தது. என் கணவர் சேவியர் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது. எவ்வளவு நாள் இருப்பேன் என்ற பொருளில் ‘ஹவ் லாங்’ என்று நான் கேட்டேன். மேரட், பத்து நிமிடத்தில் போகலாம் என்றார். இந்த ஊரில் கிராண்ட் என்றால் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள் என்பதை, வெளியே காப்பி இயந்திரத்தின் அருகே நின்ற ஒரு மலையாளி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சேவியர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நோய் விட்டாலும் வலி விடவில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. ஐந்து வருடம் தினமும் விழுங்க வேண்டிய சின்ன மாத்திரையின் வேலை அது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டிருந்தால் அரைமணி நேரத்தில் விரல் ஒவ்வொன்றாக வேலைக்கு வரும். தழும்பில் ஓர் இழுப்பு உண்டு. அக்குள் மரத்துப்போய்விட்டது, ஆனால் மரத்த இடத்திலேயே அரிக்கும். சொறிந்தால் சொறிவது தெரியாது, அரிப்பு மட்டும் தெரியும். இது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்னும் வியப்பு. பயப்படுவதை நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு, பயத்தோடு சேர்த்து வேடிக்கையும் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நோட்டில் எழுதுவேன். இன்று முழங்கையில் கடுப்பு, இன்று விலாவில் சுருக், இன்று ஒன்றும் இல்லை. மேரட் எனக்கு ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். புதிதாக ஒரு வலி வந்தால் இரண்டு வாரம் பார். போய்விட்டால் அது சும்மா வந்த வலி. போகாவிட்டால் எனக்குப் போன் செய். அந்தப் பதினான்கு நாட்களை எப்படிக் கழிப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இந்த வருடம் தனியாக ஊருக்கு வந்தபோது, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற இறங்குகையில் வலது இடுப்பில் சுருக்கென்றது. படி உயரம் என்று நினைத்தேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோதும் அது அங்கேயே இருந்தது. நோட்டை எடுத்து ஒன்று என்று எழுதினேன். முதல் நாள்.

எங்கள் சொந்த ஊர் களமருதூர். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, கள்ளக்குறிச்சியில் என் தங்கை ஜெயராணியின் வீடுதான் எனக்கு ஊர். அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கும் எனக்கும் இடையில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் நான் அவளுக்குச் சொன்னேன். அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம், சாப்பிட்டியா, மழையா, குளிரா என்று மட்டும் கேட்பாள். வந்து நான்கு நாளாகியும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் இடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

ஊரில் என் கை உறையை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் என்று எதிர்பார்த்து வந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. காரணம் ஷேர் ஆட்டோவில்தான் தெரிந்தது. வெயிலுக்காக ஸ்கூட்டரில் போகிற பெண்கள் எல்லோரும் இரண்டு கையிலும் துணி உறை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்து, துணி நல்ல கெட்டி என்று மெச்சினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “ஒங்க கலருக்கு இது ஒத்து வர்லங்க. பஸ் ஸ்டாண்டு எதிர்ல காபி கலர்லயே விக்கிறாங்க.” மூன்று வருடத்தில் இந்த விஷயத்தை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஏழாவது நாள் ஜெயராணியோடு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாயும்போது இடுப்பு விண்ணென்றது. நான் இடப்பக்கமாக எடையைப் போட்டு உட்கார்ந்திருந்ததை ஜெயராணி கவனித்துவிட்டாள். ஏன் சாய்ந்தே வருகிறாய் என்றாள். சீட்டு சரியில்லை என்றேன். அவள் என் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். மரவள்ளிக் கொல்லைகள் வந்தன. அவள் அதைக் காட்டி, இந்த வருடம் கிழங்கு ஜாஸ்தி என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குபவள் பெயர் சின்னப்பொண்ணு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான் இருக்கும். சமையல்காரிக்குச் சமையல்காரி என்று நான் அவளோடு அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அண்டாவை இறக்கும்போது அவள் வலது கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இடது கையையும் தொடையையும் வைத்து முட்டுக்கொடுத்து இறக்கினாள். அவளுடைய வலது முன்கை இடதைவிடப் பெரியதாக இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். அவள் பார்வை என் உறைக்குப் போனது. வெயிலுக்குப் போட்டது இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஒங்களுக்கு எந்தப் பக்கம்ங்க?” என்று கேட்டாள்.

இடது என்றேன். தனக்கு வலது, நாலு வருடம் ஆகிறது, சேலத்தில் ஆபரேஷன் என்றாள். அரிசி மூட்டை வைத்திருந்த சின்ன அறைக்குள் என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் ரவிக்கையைத் தளர்த்திக் காட்டிக்கொண்டோம். என் கணவரையும் டாக்டர்களையும் தவிர வேறு யாருக்கும் நான் காட்டியதில்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவளுடைய தழும்பு நேராக இருந்தது, என்னுடையது அக்குளுக்குள் வளைந்து போகிறது. அவள் துணிக்கடையில் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்து, “ஒங்களுது நல்லா தெச்சிருக்காங்க” என்றாள். மரத்த இடம் அரிக்கிறதா என்று நான் கேட்டேன். அரிக்கிறது என்றாள், சொறிந்தால் தெரிவதில்லை என்றும் சொன்னாள். எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம். கை வீங்கினால் என்ன செய்வாய் என்றேன். பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டுவாளாம், படுக்கும்போது கையை மூட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொள்வாளாம். என் உறையைக் கழற்றி அவளுடைய வீங்கிய வலது கையில் மாட்டிப் பார்த்தோம். யாரோ கையை இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்கிறது என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. வெகுநேரம் இருமினாள்.

எத்தனை நாளாக என்றேன். ஒரு மாதத்துக்கு மேல். செக்கப்புக்குப் போனாயா என்றேன். கடைசி இரண்டு தடவையும் போகவில்லை. ஏன் என்றதற்கு, போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்றாள். நான் உடனே அயர்லாந்து நர்ஸ் மாதிரி பேசத் தொடங்கிவிட்டேன். இரண்டு வாரக் கணக்கைச் சொன்னேன், இருமலை விடக்கூடாது என்றேன், ஜெயராணியிடம் சொல்லி நாளைக்கே அழைத்துப்போகச் சொல்கிறேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ரவிக்கையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“நீங்க இன்னாங்க, வந்ததுலேர்ந்து ஒரு காலத் தாங்கித் தாங்கி நடக்குறீங்க. அத்தக் காட்டிட்டீங்களா?”

நான் உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தபோது, பிள்ளைகளுக்குத் தட்டு எடுக்க வந்த ஜெயராணி வெளியே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் பாதி மலை இறங்கியிருந்தது. ஜெயராணி முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி பேசினாள். “ஆபரேஷன் முடிஞ்சி பத்து நாளு கழிச்சி போன்ல சொன்ன. கடல் தாண்டி இருக்குற, நான் இன்னா பண்ண முடியும்னு என்ன நானே சமாதானம் பண்ணிக்கினேன். இப்ப பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கறேன். இப்பவும் சொல்ல மாட்ற.”

உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தாலே எடுப்பதற்கு முன் மூன்று முறை மூச்சு இழுத்து விடுகிறாளாம். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பது, நான் பதில் சொல்லும் குரலை வைத்து உடம்பு எப்படி என்று கண்டுபிடிக்கத்தானாம். மூன்று வருடமாக நான் என் வலியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவளும் ஒரு நோட்டு வைத்திருந்திருக்கிறாள், எழுதாமல். என் இடுப்பில் எந்த இடம் என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் கையை வைத்தவள் பஸ் கச்சிராயபாளையம் வரும்வரை எடுக்கவில்லை.

சனிக்கிழமை சின்னப்பொண்ணு முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தாள். நான் எக்ஸ்ரே எடுத்தால்தான் அவளும் எடுப்பாள் என்று ஜெயராணியிடம் ஒப்பந்தம். மூன்று பேரும் ஜெயராணிக்குப் பழக்கமான ஒரு டாக்டரிடம் போனோம். சின்னப்பொண்ணுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே, எனக்கு இடுப்பில். பெஞ்சில் காத்திருந்தோம். உங்கள் ஊரில் வலித்தால் என்ன செய்வார்கள் என்று சின்னப்பொண்ணு கேட்டாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்வார்கள் என்றேன். நம்பர் சொன்னால் போய்விடுமா என்றாள். போகாது, எழுதிக்கொள்வார்கள் என்றேன். யாராவது எழுதிவைத்துக்கொண்டால் அதுவும் நல்லதுதான் என்றாள்.

முதலில் அவளுடைய படம் வந்தது. டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இது தொண்டைச் சளி என்றார். மாத்திரை எழுதி, சேலம் செக்கப்புக்கு இந்த மாதமே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என் படத்தை மாட்டினார். அதை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். இடுப்பெலும்பில் ஓர் இடத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு வெள்ளைப் புள்ளி.

“பயப்பட வேண்டியதா, வேணாமானு இத்த மட்டும் வெச்சி சொல்ல முடியாதுங்க” என்றார். “பழைய படம் இருக்கா?”

இருந்தது. மூன்று வருடமாக என்னைத் தலையிலிருந்து தொடைவரை படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் அயர்லாந்தில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தன. வெளியே வந்து மேரட்டுக்குப் போன் செய்தேன். அவர் பதற்றப்படாமல் எத்தனை நாளாக என்று கேட்டார். எட்டு என்றேன். படத்தைக் கையோடு கொண்டு வா, வந்த திங்கட்கிழமையே டாக்டர் பார்ப்பார் என்றார். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சின்னப்பொண்ணு தன் எக்ஸ்ரே இருந்த பழுப்புக் காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றிருந்தாள். முகத்தில் என்ன வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் போல் இருந்தாள். “எனக்கு நல்லதா வந்துச்சினு சந்தோசப்படறதா வேணாமானு தெர்லங்க” என்றாள். படு, எனக்கும் சேர்த்துப் படு என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் அவள்மேல் ஒரு பொறாமையும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு நெஞ்சுக்குள் இருக்க முடிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் டீ குடித்தோம். அவள் தன் படத்தை வெளியே எடுத்து வெயிலுக்கு எதிராகப் பிடித்து, தன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மீதி நாட்களை ஜெயராணி லீவு போட்டு என்னோடு கழித்தாள். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் வெந்நீர் வைத்து என் கைகளை அதில் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்கும்தான் என்பாள். அப்புறம் கத்தரிக்காய் வதக்குவதா குழம்பு வைப்பதா என்று பேசுவோம். பயம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் இருந்தோம். கிளம்பும் நாளில் அவள் அழவில்லை. இனிமேல் எது வந்தாலும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எக்ஸ்ரே மடங்கக் கூடாது என்று அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தாள். விமானத்தில் பதினாறு மணி நேரமும் என் இடுப்பெலும்பை என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை இங்கே தூறல். சேவியர் வெளியே காத்திருந்தார். டாக்டர் உறையிலிருந்து படத்தை எடுத்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். இங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் பார்ப்பதால் விளக்குப் பெட்டியைக் கழற்றிப் பல வருடம் ஆகிவிட்டதாம். எழுந்து போய் படத்தைச் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளியே ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடம். கள்ளக்குறிச்சியில் எடுத்த என் எலும்புக்குள் ஒரு சிவப்புக் கார் மெதுவாக நுழைந்து, மறுபக்கம் வெளியே போனது. மூலையில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயரை அவர் படித்துப் பார்த்தார். நான் திருத்திச் சொன்னேன். இரண்டாவது முறையும் அவர் வாயில் அது வேறு ஏதோ ஓர் ஊராகிவிட்டது. பிறகு மேஜைக்கு வந்து, மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ஸ்கேனைத் திரையில் கொண்டுவந்தார். நகர்த்தினார், பெரிதாக்கினார். அதே இடம். அதே கடுகு.

அது வெறும் ‘போன் ஐலண்ட்’ என்றார். ‘போன்’ என்றால் எலும்பு என்று தெரியும், அடுத்த சொல் எனக்கு அயர்லாந்து என்று காதில் விழுந்தது. எலும்புக்குள் அயர்லாந்தா? இந்த நாட்டுக்கு வந்த பிறகு, இந்தக் குளிரில் உண்டானதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்து சிரித்தார். ஐலண்ட், தீவு என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். எலும்புக்குள் எலும்பாகவே கொஞ்சம் கெட்டிப்பட்டு நிற்கும் ஓர் இடம். கெடுதல் இல்லை. வலிக்குக் காரணம் அது இல்லை, மாத்திரையால் தசைநார் இறுகியிருக்கிறது, பயிற்சி செய்தால் குறையலாம், முழுக்கப் போகாமலும் இருக்கலாம் என்றார்.

அப்படியானால் அந்தத் தீவு எப்போது வந்தது என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். நீ பிறந்தபோதே இருந்திருக்கலாம் என்றார்.

ஜெயராணிக்கு அங்கேயே உட்கார்ந்து போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தாள். ஒன்றும் இல்லை என்றேன், மூச்சு விடும் சத்தம் கேட்டது. வலி மட்டும் இருக்கிறது என்றும் சொன்னேன். டாக்டர் திரையை அணைக்காமல் வைத்திருந்தார். சன்னலில் ஈரம் பிடித்துக் கள்ளக்குறிச்சிப் படம் தானாகவே ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரே எலும்பு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. நடுவில் நாற்காலியில், வலிக்காத பக்கமாகச் சாய்ந்து, நான் உட்கார்ந்திருந்தேன்.